ஐரோப்பியப் பயணத்தில் ஜெர்மன் நண்பர் வீட்டுக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடன் வேலை பார்த்தவர், படிக்கும் காலத்தில் பழகியவர், நம் ஊருக்குச் சுற்றிப்பார்க்க வந்து நட்பானவர் என்று ஐரோப்பாவில் ஒரு நண்பர் இன்று நம்மில் பலருக்கும் இருக்கிறார். ‘இந்தப் பக்கம் வந்தால் கண்டிப்பாக வீட்டுக்கு வா’ என்று அவரும் சொல்லியிருப்பார். போகலாமா, எப்படிப் போவது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஜெர்மனி. அதனால் அதை வைத்தே பதில் சொல்கிறேன்; பக்கத்து நாடுகளில் விதி மாறும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன். எதையும் முன்கூட்டியே, வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் அங்கே மரியாதை. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதை ஒட்டியே வரும்.

‘வீட்டுக்கு வா’ என்று அவர் சொன்னது உண்மையான அழைப்புதானா?

பெரும்பாலும் உண்மைதான். ஆனால் தேதி குறிக்கும் வரை அது வெறும் விருப்பம். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதுங்கள். ‘வரலாம்னு இருக்கேன், பார்ப்போம்’ என்று எழுதினால் அவருக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியாது. ‘செப்டம்பர் இரண்டாம் வாரம் வெள்ளி மாலை வந்து திங்கள் காலை கிளம்பலாம் என்று இருக்கிறேன். உங்கள் வீட்டில் தங்க வசதிப்படுமா? இல்லையென்றால் பக்கத்தில் அறை எடுத்துக்கொள்கிறேன், மாலையில் சந்திப்போம்’ என்று எழுதுங்கள். கடைசி வரி முக்கியம். வீடு சிறியதாக இருக்கலாம், இன்னும் இருவரோடு பிளாட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். சங்கடப்படாமல் ‘முடியாது’ என்று சொல்ல அவருக்கு ஒரு வழி விட்டுவைப்பது நல்ல நண்பர் செய்யும் காரியம்.

தேதி முடிவான பிறகு அந்த நாட்களை அவர் உங்களுக்காக ஒதுக்கிவிடுவார். தவிர்க்கவே முடியாத காரணம் இல்லாமல் மாற்றாதீர்கள். சொல்லாமல் போய் வாசலில் நின்று சந்தோஷப்படுத்தும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

எத்தனை நாள் தங்கலாம்? எந்த மாதம் நல்லது?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்வதை ஜெர்மானியர்கள் மீனை வைத்துச் சொல்கிறார்கள்: மூன்றாம் நாள் விருந்தாளியும் மீனும் நாற ஆரம்பிக்குமாம். இரு ஊரிலும் ஒரே கணக்கு. வெள்ளி மாலை போய் திங்கள் காலை கிளம்பினால் அவருடைய வேலை நாளும் கெடாது, முழுதாக இரண்டு நாள் சேர்ந்திருக்கலாம்.

டிசம்பர் 24 மாலை அங்கே குடும்பத்துக்கான நேரம். கடைகள் மதியத்தோடு மூடிவிடும், 25, 26 இரண்டும் விடுமுறை. அவராகவே அழைத்தால் மறுக்காமல் போங்கள், அதைவிடப் பெரிய அன்பு இல்லை. நீங்களாகக் கேட்காதீர்கள். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க ஆசையென்றால் டிசம்பர் முதல் பாதியில் போகலாம். கோடை விடுமுறையில் பலரும் வெளியூர் போய்விடுவார்கள். பள்ளி விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மே மாதம். வெளிச்சம் இரவு ஒன்பது வரை இருக்கும். வெள்ளை ஆஸ்பராகஸ் தண்டும் அப்போதுதான் கிடைக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை ஊரே அதைத்தான் சாப்பிடும்.

நண்பர் வீட்டில் தங்குவதென்றால் விசாவுக்கு என்ன காட்ட வேண்டும்?

ஐரோப்பாவுக்குச் சுற்றிப்பார்க்கப் போக நாம் வாங்கும் ஷெங்கன் விசா 29 நாடுகளுக்குப் பொது. எந்த நாட்டில் அதிக நாள் இருக்கப் போகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கிளம்பக் குறைந்தது 15 நாள் இருக்கும்போதாவது விண்ணப்பித்துவிட வேண்டும் என்பது விதி, ஆனால் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால் மாதக்கணக்கில் முன்னால் தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இனி நண்பர் விஷயம். ஜெர்மனிக்கு இரண்டு வழிகள் உண்டு. உங்கள் வங்கிக் கணக்கில் போதிய பணம் இருந்தால், ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என் வீட்டில் தங்குவார்’ என்று முகவரியோடு நண்பர் கையெழுத்திட்டுத் தரும் சாதாரணக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் தங்குமிடச் சான்றாக இருக்கும். பணம் காட்ட முடியாதவர்களுக்கு இன்னொரு வழி: நண்பர் தன் ஊரில் உள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, வருமானச் சான்று காட்டி, பொறுப்பேற்பு உறுதிமொழி எழுதித் தருவது. இது சம்பிரதாயக் காகிதம் இல்லை. உங்கள் தங்கும் செலவு, மருத்துவச் செலவு, திருப்பி அனுப்பும் செலவு என்று அரசுக்கு எது ஏற்பட்டாலும் அதை நண்பரிடம் வசூலிக்க முடியும். கையில் பணம் இருக்கும்போது இதை நண்பரிடம் கேட்பது நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பிரான்சில் நண்பர் வீட்டில் தங்க, அவர் நகராட்சி அலுவலகத்தில் வாங்கித் தரும் வரவேற்புச் சான்று வேண்டும்; வெறும் கடிதம் போதாது. நெதர்லாந்துக்கும் நகராட்சியில் கையெழுத்தை உறுதிசெய்த படிவம் தேவை. இத்தாலியில், வீட்டில் தங்கும் வெளிநாட்டவரைப் பற்றி வீட்டுக்காரர் 48 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஜெர்மனியில் மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடும் விருந்தாளி எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை.

பாரிஸ், ரோம் என்று போகும் பயணத்தில் நண்பரின் சின்ன ஊருக்கு நாள் ஒதுக்குவது வீண் இல்லையா?

வீண் இல்லவே இல்லை. கோபுரத்தையும் அருங்காட்சியகத்தையும் யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். ஒரு வீட்டின் காலை உணவு மேசையில் உட்கார நண்பர் ஒருவரால்தான் முடியும். அதனால் நண்பரின் ஊரை முதலில் வைத்துவிட்டு, மற்ற ஊர்களை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஃப்ரைபர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் ஐந்து தலைநகரம் பார்க்கும் திட்டங்களில் இந்த ஊர் வராது. பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். சுவிட்சர்லாந்தின் பாசல் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும், பிரான்சின் எல்லையும் பக்கம்தான். தெருவோரம் சின்னச் சின்ன ஓடைகள் ஓடும், 116 மீட்டர் கோபுரம் கொண்ட தேவாலயத்தைச் சுற்றி ஞாயிறு தவிர தினமும் சந்தை கூடும். ஊர்க்காரர்கள் ஞாயிறு காலை 1,284 மீட்டர் உயர ஷாவின்ஸ்லாந்து மலைக்கு நடக்கக் கிளம்புவார்கள். நண்பர் கூட இருந்தால் எந்தச் சந்தைக் கடையில் எந்தப் பாலாடைக்கட்டி வாங்குவது, எந்தப் பாதையில் ஏறுவது என்பதெல்லாம் தேடாமலே கிடைக்கும்.

ரயிலில் மலிவு டிக்கெட் எடுத்தால் அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். நண்பருடைய ஜெர்மனி மாதாந்தர டிக்கெட்டை இரவல் வாங்காதீர்கள், அது அவர் பெயரில் உள்ளது, அவர் மட்டும்தான் பயன்படுத்தலாம். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். பெர்லின், மியூனிக் போன்ற ஊர்களில் காகித டிக்கெட்டை ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது.

என்ன பரிசு கொண்டுபோவது? பால்கோவா கொண்டுபோகலாமா?

கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரத் தடை உண்டு. நெய்யும் அதில் அடக்கம். கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. சாம்பார்பொடி, காபித்தூள், கடலைமிட்டாய் போன்றவை பிரச்சினை இல்லாதவை.

நான் சொல்லும் பரிசு: ஒரு எவர்சில்வர் காபி ஃபில்டர், பித்தளை டபரா செட், கால் கிலோ காபித்தூள். ஜெர்மானியர்கள் காபிப் பிரியர்கள். முதல் நாள் காலையில் நீங்களே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். குழந்தைகள் இருந்தால் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. விலை உயர்ந்ததாக வாங்கினால் அவர் பதிலுக்கு என்ன செய்வதென்று தவிப்பார்.

போய் இறங்கியதும் ரயில் நிலையப் பூக்கடையில் ஒரு பூங்கொத்து வாங்கிக்கொள்ளலாம். ஒற்றைப்படை எண்ணிக்கை வழக்கம். சிவப்பு ரோஜா காதலர்களுக்கு. வெள்ளை லில்லி, செவ்வந்தி சாவு வீட்டுக்கு. கொடுக்கும் முன் சுற்றியிருக்கும் காகிதத்தை எடுத்துவிடுங்கள். நண்பரின் பிறந்தநாள் இரண்டு நாள் கழித்து வருகிறது என்றால் வாழ்த்தை முன்கூட்டியே சொல்லாதீர்கள். அது கெட்ட சகுனம் என்று நினைப்பவர்கள் நிறைய.

முகவரி இருக்கிறது, வீட்டு எண் இல்லையே. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜெர்மனியில் பெரும்பாலான அடுக்கு வீடுகளுக்குத் தனி எண் கிடையாது. கட்டட வாசலில் அழைப்பு மணிகளுக்குப் பக்கத்தில் குடும்பப் பெயர்கள்தான் இருக்கும். நண்பரை முதல் பெயரால் மட்டுமே தெரிந்துவைத்திருப்பவர்கள் வாசலிலேயே நின்றுவிட நேரிடும். குடும்பப் பெயரையும், பகிர்ந்து வாழும் பிளாட் என்றால் மணியில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதையும், எத்தனையாவது மாடி என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள்.

ஏழு மணி என்றால் ஏழு மணிக்குப் போங்கள். பத்து நிமிடம் முன்னால் போனால் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வரலாம். ஜெர்மன் ரயில்கள் அடிக்கடி தாமதமாகும் என்பது அவருக்கே தெரியும். கோபப்பட மாட்டார், ஆனால் தாமதம் தெரிந்த உடனே செய்தி அனுப்புங்கள். அவர் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

வீட்டுக்குள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். அங்கேயும் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். விருந்தாளிக்கென்று வீட்டுச் செருப்பு வைத்திருப்பார்கள்.

குளியலறைதான் நம்மவர்கள் தடுமாறும் இடம். குளிக்கும் தொட்டிக்கோ கண்ணாடித் தடுப்புக்கோ வெளியே தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. தரையில் ஊற்றிய தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும். திரையைத் தொட்டிக்குள் விட்டு மூடிக் குளியுங்கள். முடித்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவையுங்கள். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. பழக்கம் இல்லாதவர்கள் சின்ன பாட்டில் ஒன்று கொண்டுபோனால் நிம்மதி. ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதப்படாத சட்டம், சில வீடுகளில் எழுதியே ஒட்டியிருப்பார்கள்.

அடுத்தது கதவு. பிளாட் கதவின் வெளிப்பக்கத்தில் பெரும்பாலும் திருகாத குமிழ்தான் இருக்கும். சாவி இல்லாமல் வெளியே வந்து கதவு சாத்திக்கொண்டால் உள்ளே போக முடியாது. பூட்டுத் திறப்பவரை அழைத்தால், அதுவும் இரவிலோ ஞாயிறிலோ, பெரிய செலவு. குப்பை கொட்டப் போனாலும் சாவி கையில் இருக்கட்டும்.

குப்பை என்றதும் இதையும் சொல்ல வேண்டும்: காகிதம், பிளாஸ்டிக் உறை, சமையல் கழிவு, மற்றவை என்று தனித்தனித் தொட்டிகள். தெரியாவிட்டால் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எறியாதீர்கள். பெரும்பாலானவற்றுக்கு 25 சென்ட் முன்பணம் உண்டு, கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

குளிர்காலத்தில் நண்பர் திடீரென்று எல்லா ஜன்னலையும் அகலத் திறப்பார். ஐந்து பத்து நிமிடம் காற்று மாற்றிவிட்டு மூடுவார். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத்தான். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு காத்திருங்கள்.

சைவம் சாப்பிடுகிறேன். சொன்னால் தொந்தரவாக நினைப்பார்களா?

சொல்லாவிட்டால்தான் தொந்தரவு. தேதி குறிக்கும்போதே எழுதிவிடுங்கள். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் உண்டா, முட்டை உண்டா என்று பிரித்துச் சொல்லுங்கள். கண்டிப்பான சைவம் என்றால், விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டினையும் சொல்ல வேண்டும். மிட்டாய்களிலும் சில கேக்குகளிலும் அது இருக்கும். வறுத்த உருளைக்கிழங்கில் பன்றிக்கொழுப்புத் துண்டும், பருப்பு சூப்பில் சாசேஜும் சேர்ப்பது சாதாரணம். மற்றபடி ஜெர்மனியில் இன்று சைவத்துக்குக் குறையே இல்லை.

உணவு நேரமும் வேறு. காலையில் புது ரொட்டி, வெண்ணெய், ஜாம், பாலாடைக்கட்டி. வார இறுதியில் மூன்று நான்கு மணிக்குக் காபியும் கேக்கும். கேக்கைப் பெரும்பாலும் வீட்டிலேயே சுட்டிருப்பார்கள், கண்டிப்பாகச் சாப்பிடுங்கள். இரவில் பல வீடுகளில் அடுப்பே பற்றவைக்காமல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஊறுகாய் வெள்ளரியும்தான் வைப்பார்கள். சூடாக எதுவும் செய்யவில்லையே என்று மனம் வாட வேண்டாம். அவர்கள் தினமும் சாப்பிடுவது அதுதான்.

இன்னொன்று, இதில்தான் நம்மவர்கள் பசியோடு எழுந்துவிடுகிறார்கள். நம் வீட்டில் ‘போதும்’ என்றால் இன்னொரு கரண்டி விழும். அங்கே ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். மறுபடி கேட்க மாட்டார்கள். அது அக்கறைக் குறைவு இல்லை, உங்கள் சொல்லுக்குக் கொடுக்கும் மதிப்பு. வேண்டுமென்றால் முதல் முறையே ‘சரி, கொடுங்கள்’ என்று சொல்லுங்கள். தட்டில் மீதம் வைக்காமல் வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மது குடிக்காதவர் என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை, ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து தருவார்கள். கோப்பை மோதும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்ப்பது மட்டும் கட்டாயம்.

ஒரு வேளை நான் சமைத்துத் தரலாமா?

கட்டாயம் சமையுங்கள். விருந்தாளி செய்யக்கூடிய நல்ல காரியம் இதைவிட இல்லை. முதல் நாளே கேட்டு ஒரு வேளையை முடிவுசெய்துகொள்ளுங்கள். பெரிய ஊர்களில் ஆசியக் கடைகளில் துவரம்பருப்பு, புளி, தேங்காய்ப்பால் எல்லாம் கிடைக்கும். பெரும்பாலும் கண்ணாடித் தட்டு மின் அடுப்புதான் இருக்கும். அணைத்த பிறகும் சூடு இறங்க நேரமாகும் என்பதால் பாத்திரத்தை உடனே நகர்த்திவிடுங்கள். தாளிக்கும்போது புகை உறிஞ்சியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். படுக்கையறையிலும் நடைவழியிலும் புகை எச்சரிக்கைக் கருவி வைப்பது அங்கே சட்டம். மிளகாய் கருகினால் கட்டடமே கேட்கும்படி அலறும். எண்ணெயில் பொரிப்பதைத் தவிர்க்கலாம், திரைச்சீலையில் வாடை நாட்கணக்கில் நிற்கும். எலுமிச்சைச் சாதம், காரம் குறைத்த சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல் போதும். கையால் சாப்பிடுவதைக் காட்டித் தாருங்கள், ரசிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையக் கடைகளும் சில ரொட்டிக்கடைகளும் காலையில் திறந்திருக்கும். நண்பருக்கு முன்னால் எழுந்து, அவரிடம் முந்தைய இரவே கேட்டுக்கொண்டு, எல்லோருக்கும் ரொட்டி வாங்கி வாருங்கள். வாஷிங் மெஷின், துளைபோடும் சத்தம், காலி கண்ணாடி பாட்டிலைத் தெருத்தொட்டியில் போடுவது எல்லாம் அன்று கூடாது. மற்ற நாட்களில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசும்போது குரலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி ஞாயிறு நடப்பதற்கான நாள். ‘கொஞ்சம் நடக்கலாமா’ என்று நண்பர் கேட்டால் இரண்டு மணி நேரம் காட்டு வழியில் நடக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். நல்ல ஷூ போடுங்கள். மனம் விட்ட பேச்செல்லாம் அந்த நடையில்தான் வரும்.

ஹோட்டலில் சாப்பிட்டால் யார் பணம் கொடுப்பது?

சேர்த்தா, தனித்தனியா என்று பரிமாறுபவரே கேட்பார். தனித்தனியாகக் கொடுப்பது சாதாரணம், அதில் மனத்தாங்கல் இல்லை. தங்க இடம் கொடுத்தவருக்கு ஒரு வேளை நீங்கள் வாங்கித் தருவது அழகு. ஆனால் பில் வந்த பிறகு கையைப் பிடித்து இழுக்காமல், கிளம்பும்போதே ‘இன்று என் செலவு’ என்று சொல்லிவிடுங்கள். டிப்ஸ் 5 முதல் 10 சதவீதம். சின்னக் கடைகளில் கார்டு வாங்க மாட்டார்கள், கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

நண்பரின் பெற்றோரைச் சந்திக்கும்போது?

கண்ணைப் பார்த்துக் கை குலுக்குங்கள். அவர்களாகச் சொல்லும் வரை குடும்பப் பெயரோடு ‘ஹெர்’ (திரு) அல்லது ‘ஃப்ராவ்’ (திருமதி) சேர்த்து அழையுங்கள். சம்பளம், மதம், ஏன் கல்யாணம் ஆகவில்லை, ஏன் குழந்தை இல்லை என்ற கேள்விகள் வேண்டாம். பேரக்குழந்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் கேட்காமல் படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள்.

அங்கே உடம்பு சரியில்லாமல் போனால்?

அவசரம் என்றால் 112. அவசரமில்லாத, ஆனால் நாளை வரை காத்திருக்க முடியாத நிலை என்றால் 116117. ஞாயிறிலும் இரவிலும் ஏதாவது ஒரு மருந்துக்கடை முறைவைத்துத் திறந்திருக்கும். அது எது என்று மற்ற மருந்துக்கடைகளின் கதவில் ஒட்டியிருப்பார்கள். காப்பீட்டுப் பத்திரத்தின் நகலை நண்பருக்கும் அனுப்பிவையுங்கள்.

அவரை நம் வீட்டுக்கு அழைக்கலாமா?

அழையுங்கள், ஆனால் அவர் முறையிலேயே. ‘ஒரு தடவை வாங்க’ என்று சொல்லாமல் மாதத்தைச் சொல்லி அழையுங்கள். தமிழ்நாட்டுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் நல்லது; பொங்கலையும் பார்க்கலாம், வெயிலும் தாங்கும். ஜெர்மானியர்கள் இந்தியாவுக்கு இணையவழியிலேயே சுற்றுலா விசா வாங்கிவிடலாம். அவர் உங்கள் வீட்டில் தங்கினால் உங்களுக்கும் ஒரு கடமை உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை: வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் ஹோட்டல் மட்டுமல்ல, தனி வீட்டுக்காரரும் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ‘படிவம் III’ (முன்பு ‘படிவம் சி’) பதிவு செய்ய வேண்டும். அதற்கு அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்கள் தேவைப்படும். கிளம்பும் முன்பே நகலை அனுப்பச் சொல்லுங்கள்.